குவியம் கண்ட கதை

சென்ற குளிர்காலத்தில் ஓர் இரவு, டில்லியில் எங்கள் குடியிருப்பின் மொட்டை மாடியில் கல்லூரி மாணவர் ஒருவர் ஒரு தொலைநோக்கியோடு போராடிக் கொண்டிருந்ததைக் கண்டேன். எட்டு அங்குல விட்டமுள்ள குழியாடி பொருத்திய கருவி அது. கண்ணை வைத்துப் பார்த்தபோது சந்திரனின் மலைகளும் பள்ளங்களும் செதுக்கி வைத்தாற்போல் தெளிவாகத் தெரிந்தன. கண்ணருகு லென்ஸை எடுத்துவிட்டு அவ்விடத்தில் காமிராவைப் பொருத்தியதும் திரையில் ஒரு வெள்ளைக் கறையே எஞ்சியது. லென்ஸ் தாங்கும் குழாயை அவர் உள்ளே தள்ளினார். கறை சற்றுச் சிறுத்தது. மேலும் தள்ளினார், குழாய் முட்டிக்கொண்டு நின்றது. இன்னும் இரண்டு சென்டிமீட்டர் உள்ளே போயிருந்தால் படம் தெளிந்திருக்கும். கருவி அதற்கு இடந்தரவில்லை.

"என்னுடைய தவறா, கருவியின் தவறா?" என்று அவர் கேட்டார். இருவர் தவறும் அன்று என்பதே உண்மை. பார்ப்பதற்கென்று பிறந்த கருவியைப் படம் பிடிக்கும் கருவியாக மாற்ற முற்பட்ட ஒவ்வொருவரும் இந்த இரண்டு சென்டிமீட்டரை ஏதேனும் ஓர் உருவில் சந்தித்திருக்கின்றனர். அவர்கள் பட்ட பாட்டின் வரலாறு நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு மேற்பட்டது. நாம் வாழும் பிரபஞ்சம் எவ்வளவு பெரியது என்னும் கேள்விக்கு விடை கிடைத்ததும் அந்த வரலாற்றின் ஒரு பகுதியாகும்.

முதலில் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. ஒளிக்கதிர்கள் வந்து கூடும் இடத்தை நாம் 'குவியம்' என்கிறோம். ஐரோப்பிய மொழிகளில் இதற்கு வழங்கும் 'போகஸ்' என்ற சொல் லத்தீனில் வீட்டு அடுப்பைக் குறிப்பது. 1604ஆம் ஆண்டில் கெப்ளர் என்னும் ஜெர்மானிய வான நூலார் தம் ஒளியியல் நூலில் இச்சொல்லை இப்பொருளில் ஆண்டார். லென்ஸை வெயிலில் பிடித்துக் காகிதத்தை எரித்து விளையாடிய சிறுவர் யாவர்க்கும் இப்பெயரின் பொருத்தம் விளங்கும். அந்த விளையாட்டிலேயே இன்னோர் உண்மையும் அடங்கியிருக்கிறது. காகிதம் ஒரே ஒரு தூரத்தில்தான் பற்றி எரியும். சற்று முன்னே கொண்டு போனாலும் எரியாது, பின்னே கொண்டு போனாலும் எரியாது. நட்சத்திரப் படத்திற்கும் இதுவே விதி.

குழியாடியைக் கொண்டு தொலைநோக்கி அமைக்கலாம் என்பதைச் செய்து காட்டியவர் ஐசக் நியூட்டன். 1668ஆம் ஆண்டில் அவர் செய்த சிறு கருவியில், குழாயின் அடியில் இருந்த குழியாடி ஒளியை மேல்நோக்கித் திருப்பியது. மேலே சாய்வாக இருந்த ஒரு சிறு சம ஆடி அவ்வொளியைக் குழாயின் பக்கவாட்டில் வெளியே அனுப்பியது. அங்கே லென்ஸை வைத்துக் கண்ணால் பார்ப்பர். இன்றும் நியூட்டன் பெயரால் வழங்கும் அமைப்பு இதுவே. மாடியில் நான் கண்ட கருவியும் இவ்வகையைச் சேர்ந்ததே.

கண் ஒரு சலுகை தரும் உறுப்பு. பிம்பம் சிறிது முன்னே இருந்தாலும் பின்னே இருந்தாலும் கண்ணின் லென்ஸ் தானே வளைந்து கொடுத்து அதைத் தெளிவாக்கிக் கொள்ளும். போட்டோத் தகடு அவ்வாறு வளைந்து கொடுப்பதில்லை. அதன் மீது விழுவது எதுவோ அதுவே பதியும். ஆனால் தகட்டிற்குக் கண்ணுக்கு இல்லாத ஒரு பெருமை உண்டு. கண் ஒரு நொடியில் கண்டது கண்டதுதான். மணிக்கணக்காக உற்று நோக்கினாலும் மங்கலான பொருள் பிரகாசமாகத் தோன்றிவிடாது. தகடோ நிமிஷத்திற்கு நிமிஷம் ஒளியைச் சேர்த்து வைத்துக் கொள்ளும். இந்தச் சேமிப்பு ஒரே புள்ளியில் நிகழ வேண்டும் என்பதே நிபந்தனை. பல மணி நேரச் சேமிப்பு பல புள்ளிகளில் சிதறுமானால் அந்த இரவு வீணே.

படம் பிடிக்கும் தொழிலுக்கு லென்ஸைக் காட்டிலும் குழியாடியே ஏற்றது என்பதற்கும் குவியமே காரணம். லென்ஸ் ஒளியை வளைக்கும்போது நீல நிறத்தை ஓரிடத்திலும் மஞ்சள் நிறத்தை வேறிடத்திலும் கூட்டுகிறது. கண்ணுக்கு மஞ்சளும் பச்சையும் நன்கு தெரியும். பழைய தகடுகளோ நீல ஒளிக்கே மயங்கின. ஆகவே கண்ணால் பார்த்துத் தெளிவாக அமைத்த குவியத்தில் தகட்டை வைத்தால் படம் மங்கியது. இக்குறையை நீக்கவே அமெரிக்கரான லூயிஸ் ரூதர்பர்டு 1864ஆம் ஆண்டில் போட்டோவிற்கென்றே திருத்திய 11 அங்குல லென்ஸை அமைத்தார். அந்த லென்ஸ் கண்ணால் பார்ப்பதற்குப் பயன்படவில்லை. குழியாடிக்கு இத்தொல்லை இல்லை. பிரதிபலிப்பில் எல்லா நிறங்களும் ஓரிடத்திலேயே கூடும். கண்ணாடியின் மேல் மெல்லிய வெள்ளிப் பூச்சு ஏற்றி ஆடி செய்யும் முறை 1850களில் ஐரோப்பாவில் கைவந்த பிறகு பெரிய குழியாடிகளைச் செய்வதும் எளிதாயிற்று.

இங்கிலாந்தில் ஆண்டுரு காமன் என்ற பொறியியலார் ஒருவர் இருந்தார். வான நூல் அவருடைய தொழிலன்று, ஆசை. லண்டனுக்கு அருகிலுள்ள ஈலிங் என்னும் ஊரில் தம் வீட்டுத் தோட்டத்திலேயே அவர் ஆராய்ச்சிக் கூடம் அமைத்துக் கொண்டார். ஜார்ஜ் கால்வர் என்னும் கைவினைஞர் அவருக்காக 36 அங்குல விட்டமுள்ள குழியாடி ஒன்றை 1879ஆம் ஆண்டில் தேய்த்துக் கொடுத்தார். 1883ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் அக்கருவியைக் கொண்டு காமன் மிருகசீரிட நட்சத்திரக் கூட்டத்திலுள்ள பெரிய ஒளிமுகிலைப் படம் பிடித்தார். ஒரு மணி நேரம் வரையில் தகட்டில் ஒளி படச் செய்து அவர் எடுத்த படங்களில், அத்தொலைநோக்கி வழியே கண்ணால் பார்த்தும் தெரியாத நட்சத்திரங்கள் பதிந்திருந்தன. மனிதக் கண் காணாததைத் தகடு கண்டது. அடுத்த ஆண்டில் ராயல் வானவியல் கழகம் அவருக்குத் தங்கப் பதக்கம் வழங்கியது.

அவ்வளவு நேரம் படம் பிடிக்கக் காமன் ஓர் உபாயம் வகுத்தார். பூமி சுழல்வதால் வானம் நகர்ந்து கொண்டே இருக்கிறது. கடிகார இயந்திரம் தொலைநோக்கியையும் கூடவே நகர்த்தும். ஆனால் அக்காலத்து இயந்திரம் அத்துணை நுட்பமானதன்று. டன் கணக்கில் எடையுள்ள தொலைநோக்கியை ஓயாமல் திருத்துவதைவிடச் சில அங்குலமே உள்ள தகட்டைத் திருத்துவது எளிதன்றோ! ஒன்றன் மேல் ஒன்றாகக் குறுக்கும் நெடுக்கும் நகரும் இரண்டு சட்டங்களில் தகட்டை ஏற்றி, அதன் ஓரத்தில் ஒரு வழிகாட்டி நட்சத்திரத்தைக் கண்ணால் பார்த்தவாறே, நட்சத்திரம் விலகும் போதெல்லாம் திருகாணியைத் திருப்பித் தகட்டை நகர்த்தினர். நெடுங்காலம் இதுவே பெரிய ஆராய்ச்சிக் கூடங்களின் வழக்கமாயிற்று.

காமன் அக்கருவியை 1885ஆம் ஆண்டில் ஹாலிபாக்ஸ் நகரத்து ஆலை முதலாளியான எட்வர்டு கிராஸ்லிக்கு விற்றார். அவ்வூர் வானம் கருவிக்கு ஒத்துவரவில்லை. பத்து ஆண்டுகள் கழித்து, 1895ஆம் ஆண்டில், கிராஸ்லி அதை அமெரிக்காவில் காலிபோர்னியாவிலுள்ள லிக் ஆராய்ச்சிக் கூடத்திற்கு நன்கொடையாக அளித்தார். ஹாமில்டன் மலை மீதுள்ள அந்த ஆராய்ச்சிக் கூடத்தில் புகழ் பெற்ற 36 அங்குல லென்ஸ் தொலைநோக்கி ஏற்கெனவே இருந்தது. அதன் முன் இந்த ஆங்கிலக் கருவி ஒரு வேண்டாத விருந்தாளி போலவே ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தது. இங்கிலாந்தின் அட்சரேகைக்கென்று அமைந்த அதன் தாங்கி, அதனினும் தெற்கேயுள்ள ஹாமில்டன் மலைக்கு அப்படியே பொருந்தவில்லை.

1898ஆம் ஆண்டில் லிக் ஆராய்ச்சிக் கூடத்தின் தலைவராக வந்தவர் ஜேம்ஸ் கீலர். தலைவர் என்ற முறையில் அவர் பெரிய லென்ஸ் தொலைநோக்கியைத் தமக்கென வைத்துக் கொண்டிருக்கலாம். அதை மற்றவர்களுக்கு விட்டுவிட்டு, யாரும் விரும்பாத கிராஸ்லி கருவியைத் தாம் எடுத்துக் கொண்டார். அதன் குவியத் தூரம் பதினேழரை அடி. அதாவது, ஆடியிலிருந்து பதினேழரை அடி சென்ற பிறகு ஒளி ஒரு தளத்தில் கூடும். அத்தளத்திலிருந்து தகடு ஒரு மில்லிமீட்டர் விலகினால், புள்ளியாக இருக்க வேண்டிய நட்சத்திரம் மில்லிமீட்டரில் ஆறில் ஒரு பங்கு அகலமுள்ள வட்டமாகி விடும். மூன்றேகால் அங்குலத்திற்கு நாலேகால் அங்குலம் அளவேயுள்ள சிறு தகட்டில் அந்த வட்டம் ஒரு பெரிய பிழையாகும்.

கீலர் கருவியின் குறைகளை ஒவ்வொன்றாகக் களைந்தார். இரவுகளைக் கருவியின் அருகிலேயே கழித்து, மணிக்கணக்காகத் தகட்டில் ஒளி படச் செய்து சுருள் வடிவ ஒளிமுகில்களைப் படம் பிடித்தார். படங்களைக் கழுவிப் பார்த்தபோது ஓர் எதிர்பாராத காட்சி வெளிப்பட்டது. எந்த ஒளிமுகிலைக் குறி வைத்துப் படம் எடுத்தாரோ அதைச் சுற்றிலும், முன்பின் அறியப்படாத சின்னஞ்சிறு ஒளிமுகில்கள் சிதறிக் கிடந்தன. அவற்றுள் பலவும் சுருள் வடிவம் கொண்டவை. தாம் எடுத்த படங்களில் உள்ளவற்றை எண்ணி, வானம் முழுமைக்கும் கணக்கிட்டு, இக்கருவிக்கு எட்டக் கூடிய ஒளிமுகில்கள் 1,20,000 இருக்கும் என்று அவர் மதிப்பிட்டார். அதுவரை பட்டியலில் இருந்தவையோ சில ஆயிரங்களே. குவியம் சற்றுத் தவறியிருந்தால், அந்தச் சிறு புள்ளிகள் தகட்டின் மங்கலில் கரைந்து போயிருக்கும். பட்டியலும் பழைய அளவிலேயே நின்றிருக்கும்.

தாம் கண்டவை எத்தகையவை என்பதை அறியக் கீலர் இருக்கவில்லை. 1900ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 12ஆம் தேதி, 42 வயதிலேயே அவர் காலமானார். அவர் எடுத்த படங்கள் 1908ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தன. ஒதுக்கப்பட்ட அந்தக் கருவியைத் திருத்தி அமைத்த பெரைன் என்பார் அதைக் கொண்டே 1904, 1905ஆம் ஆண்டுகளில் வியாழனின் ஆறாவது, ஏழாவது சந்திரன்களைக் கண்டுபிடித்தார்.

இனி, குவியத்தை எப்படி அளப்பது என்ற கேள்விக்கு வருவோம். கண்ணால் பார்த்து, 'இதுதான் தெளிவு' என்று முடிவு செய்வது நம்பத் தக்கதன்று. கண் வளைந்து கொடுக்கும் என்று முன்னரே கண்டோம். 1858ஆம் ஆண்டு அளவில் பிரெஞ்சு விஞ்ஞானி லியான் பூக்கோ ஆடிகளைச் சோதிக்க ஒரு முறை கண்டார். கருவியோ ஒரு சாதாரணக் கத்தி விளிம்பு. பிரகாசமான ஒரு நட்சத்திரத்தின் ஒளி குவியும் இடத்திற்குப் பின்னால் லென்ஸ் எதுவும் இல்லாமல் கண்ணை வைத்தால், ஆடி முழுவதும் ஒளி நிறைந்த வட்டமாகத் தோன்றும். இப்போது கத்தி விளிம்பைப் பக்கவாட்டில் மெல்ல நகர்த்தி ஒளியைக் குறுக்கே வெட்ட வேண்டும். கத்தி குவியத்திற்கு முன்னால், ஆடியின் பக்கம் இருந்தால், நிழல் கத்தி வரும் திசையிலேயே ஆடியின் மீது நகரும். குவியத்திற்குப் பின்னால் இருந்தால் நிழல் எதிர்த் திசையில் நகரும். கத்தி சரியாகக் குவியத்திலேயே இருந்தால் நிழல் எந்தத் திசையிலும் நகராது. ஆடி முழுவதும் ஒருங்கே, விளக்கைத் தணித்தாற்போல், மங்கி மறையும். கண் எவ்வளவு வளைந்து கொடுத்தாலும் நிழலின் திசையை மாற்ற இயலாது. ஆகவே இச்சோதனை பொய் சொல்லாது.

இம்முறையைப் படம் பிடிக்கும் மேடைக்குக் கொண்டு வந்து செம்மை செய்தவர்களுள் தலையாயவர் ஜார்ஜ் ரிச்சி. மேசை நாற்காலி செய்யும் குடும்பத்தில் பிறந்து ஆடி தேய்க்கும் கலையில் நிகரற்று விளங்கியவர் அவர். காலிபோர்னியாவில் வில்சன் மலை மீது 1908ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய 60 அங்குலத் தொலைநோக்கியின் ஆடியைத் தேய்த்தவரும் அவரே. கத்தி விளிம்பின் தளமும் தகட்டின் மருந்துப் பூச்சுத் தளமும் ஒன்றாகவே அமையுமாறு அவர் தம் தகட்டுப் பெட்டியை வடித்தார். படம் பிடித்துக் கொண்டிருக்கும்போதே இடையில் தகட்டை எடுத்துவிட்டுக் கத்தி விளிம்பால் குவியத்தைச் சோதித்து, மீண்டும் தகட்டைப் பழைய இடத்திலேயே பிசகாமல் பொருத்த அதில் வசதி இருந்தது. ஒரே படத்திற்காகப் பல முறை அவர் இவ்வாறு செய்வார்.

ஒரு முறை சரி பார்த்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது; காரணம், இரவின் குளிர். 60 அங்குலத் தொலைநோக்கியின் குவியத் தூரம் சுமார் 25 அடி. 25 அடி நீளமுள்ள எஃகு ஒரு டிகிரி சென்டிகிரேடு குளிர்ந்தால் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவிற்குச் சுருங்கும். அது ஏறக்குறைய ஒரு தலைமயிரின் பருமன். மாலையிலிருந்து விடியும் முன் ஐந்து டிகிரி குறைந்தால் சுருக்கம் அரை மில்லிமீட்டரை நெருங்கி விடும். தடித்த கண்ணாடியோ எஃகைப் போல் விரைவில் குளிர்வதில்லை. எஃகு ஒரு கணக்கிலும் கண்ணாடி வேறொரு கணக்கிலும் சுருங்குவதால் குவியம் இரவு முழுதும் நகர்ந்து கொண்டே இருக்கிறது. அதைத் துரத்திக் கொண்டே போவதுதான் படம் பிடிப்பவரின் வேலை.

கண்ணாடியின் வெப்பம் எத்தகைய அச்சத்தைத் தரக் கூடும் என்பதை அதே மலையில் 1917ஆம் ஆண்டு நவம்பர் மாதம் முதல் தேதி இரவு நிகழ்ந்த சம்பவம் காட்டும். அன்றுதான் 100 அங்குலத் தொலைநோக்கியின் வழியே முதன்முதலாக வானத்தைப் பார்க்கக் கூடியிருந்தனர். பல ஆண்டு உழைப்பும் பெருஞ்செல்வமும் அதில் அடங்கியிருந்தன. சுமார் நான்கு டன் எடையுள்ள அந்தக் கண்ணாடிப் பாளம் பிரான்சிலிருந்து வந்தபோதே அதனுள் காற்றுக் குமிழிகள் இருந்தன. அது தேறாது என்று எண்ணியவர்களும் உண்டு. ஆராய்ச்சிக் கூடத்தின் தலைவரான ஜார்ஜ் எல்லரி ஹேல் முதலில் கண்ணை வைத்து வியாழனைப் பார்த்தார்; ஒன்றும் பேசவில்லை. அடுத்துப் பார்த்த வால்டர் ஆடம்ஸும் பேசவில்லை. ஒரு வியாழனுக்குப் பதிலாக ஆறேழு பிம்பங்கள் ஒன்றன் மேல் ஒன்றாகத் தெரிந்தன. ஆடி கெட்டுவிட்டது என்றே தோன்றியது. பகலில் வேலையாட்கள் விதானத்தைத் திறந்து வைத்திருந்ததால் வெயில் பட்டு ஆடி சூடேறியிருக்கலாம் என்ற ஒரே ஒரு நம்பிக்கைதான் மிஞ்சியது. இருவரும் படுக்கச் சென்றனர், உறக்கம் வரவில்லை. பின்னிரவு மூன்று மணி அளவில் மீண்டும் வந்து பார்த்தனர்.  தொலைநோக்கியை ஒரு நட்சத்திரத்தின் பக்கம் திருப்பினர். கூரிய ஒரே ஒளிப்புள்ளி! கண்ணாடி குளிர்ந்து தன் வடிவத்திற்குத் திரும்பியிருந்தது. ஆல்பிரட் நாய்ஸ் என்னும் ஆங்கிலக் கவிஞரும் அன்றிரவு அங்கே இருந்தார்.

அந்தத் தொலைநோக்கியில்தான் 1923ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் எட்வின் ஹபிள் ஆண்ட்ரோமீடா ஒளிமுகிலைப் படம் பிடித்தார். சுருள் ஒளிமுகில்கள் நம் பால்வீதியைச் சேர்ந்த வாயுச் சுருள்களா, அன்றிப் பால்வீதியைப் போன்ற தனித்தனி நட்சத்திர உலகங்களா என்ற வழக்கு அப்போது தீராமல் இருந்தது. ஹபிளின் தகட்டில் மங்கிய நட்சத்திரம் ஒன்று தனியே பிரிந்து தெரிந்தது. பழைய தகடுகளோடு ஒப்பிட்டபோது, அது பிரகாசம் கூடியும் குறைந்தும் வருவதைக் கண்டார். அவ்வகை நட்சத்திரங்களின் மாறுதல் காலத்தைக் கொண்டு அவற்றின் தூரத்தைக் கணக்கிட முடியும். கணக்கிட்டதில் ஒன்பது லட்சம் ஒளியாண்டு என்று விடை வந்தது. இன்று நாம் அறிந்த தூரம் சுமார் 25 லட்சம் ஒளியாண்டு. எனினும், பால்வீதிக்கு வெளியே வேறு உலகங்கள் உண்டு என்பதை நாட்ட அவர் கணக்கே போதுமானதாயிற்று. 1925ஆம் ஆண்டு ஜனவரி மாதம் முதல் தேதி இச்செய்தி வானவியலார் கூட்டத்தில் வாசிக்கப்பட்டது. கீலர் எண்ணிய அந்தச் சிறு புள்ளிகள் பெரும்பாலும் தனித்தனிப் பால்வீதிகள் என்பது கால் நூற்றாண்டு கழித்து இவ்வாறு வெளியாயிற்று. அந்த ஒரு நட்சத்திரம் மங்கலான திட்டாகப் பதிந்திருந்தால் இந்த வழக்கு மேலும் எவ்வளவு காலம் நீண்டிருக்குமோ!

1948ஆம் ஆண்டில் பாலமார் மலையில் 200 அங்குலத் தொலைநோக்கி திறக்கப்பட்டபோது, சம ஆடியால் ஒளியைப் பக்கவாட்டில் திருப்பும் வேலையையே தவிர்க்க முடிந்தது. குழாய் அவ்வளவு அகலமாக இருந்ததால், அதன் உச்சியில், குவியம் விழும் இடத்திலேயே ஒரு கூண்டு அமைத்து அதனுள் ஆள் உட்கார்ந்து படம் பிடித்தார். குளிர் இரவுகளில் மணிக்கணக்காக அக்கூண்டில் அமர்ந்து கிடப்பது ஒரு தவமே. வெப்பத்தால் அதிகம் விரியாத பைரெக்ஸ் கண்ணாடியில் அந்த ஆடியை வார்த்திருந்ததும் குவியத்தின் பொருட்டே.

நம் நாட்டிலும் இக்கலைக்குப் பழைய வேர் உண்டு. புனாவில் காவஸ்ஜி நேகம்வாலா என்னும் பேராசிரியர், பாவநகர் மகாராஜா தக்தசிங்ஜியின் உதவியோடு அமைத்த ஆராய்ச்சிக் கூடத்தில் 20 அங்குலக் குழியாடித் தொலைநோக்கி ஒன்று இருந்தது. நெடுங்காலம் இந்தியாவிலேயே பெரியதாக விளங்கியது அதுவே. 1912ஆம் ஆண்டில் அவர் ஓய்வு பெற்றதும் அக்கருவிகள் கோடைக்கானலுக்குக் கொண்டு செல்லப்பட்டன. பின்னர் கோடைக்கானலின் பொறுப்பை ஏற்ற வைணு பாப்பு, இரவு வானத்திற்கு உகந்த இடம் தேடி ஜவ்வாது மலையிலுள்ள காவலூரைத் தேர்ந்தார். அங்கே 93 அங்குலத் தொலைநோக்கியை இந்நாட்டிலேயே உருவாக்க வேண்டும் என்பது அவர் கனவு. அதன் ஆடியும் பெங்களூரில்தான் தேய்க்கப்பட்டது. 1982ஆம் ஆண்டில் பாப்பு காலமானார். கருவி முற்றுப் பெற்றதைக் காண அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1986ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் தேதி பிரதமர் ராஜீவ் காந்தி அதைத் திறந்து வைத்து அவர் பெயரையே சூட்டினார். பாலமாரைப் போலவே இதன் உச்சியிலும் ஆள் அமரும் கூண்டு உண்டு.

காலம் மாறித் தகடும் மறைந்தது. 1969ஆம் ஆண்டில் பெல் ஆராய்ச்சிக் கூடத்தில் உருவான மின்னணுச் சில்லு தகட்டின் இடத்தைப் பிடித்தது. லடாக்கில் ஹான்லே மலை மீதுள்ள நம் தொலைநோக்கியைப் பெங்களூரை அடுத்த ஹோசகோட்டையிலிருந்தே இயக்குகின்றனர். கூண்டில் குளிர்ந்து நடுங்குவார் இல்லை. ஆனால் விதி தளரவில்லை. 1990ஆம் ஆண்டில் ஹபிள் பெயர் தாங்கி விண்வெளிக்குச் சென்ற தொலைநோக்கியின் ஆடி, விளிம்பில் மில்லிமீட்டரில் ஐந்நூற்றில் ஒரு பங்கு அளவே அதிகமாகத் தட்டையாகியிருந்தது. ஆடியின் நடுவிலிருந்து வந்த ஒளி ஓரிடத்திலும் விளிம்பிலிருந்து வந்த ஒளி வேறிடத்திலும் கூடின. எங்கே வைத்தாலும் முழுத் தெளிவு கிடைக்கவில்லை. 1993ஆம் ஆண்டு டிசம்பரில் விண்வெளி வீரர்கள் நேரில் சென்று, திருத்தும் ஒளியியல் கருவிகளைப் பொருத்திய பிறகே அதன் பார்வை தெளிந்தது.

மாடியில் விட்டுவந்த மாணவரிடம் மீண்டும் செல்வோம். அவருடைய கருவியில் நேர்ந்தது இதுதான். கண்ணால் பார்க்கும் கருவியில் குவியத்தைக் குழாயின் வாயிலிருந்து சிறிது தூரத்திலேயே அமைப்பர். அப்போதுதான் உள்ளேயுள்ள சம ஆடி சிறியதாக இருக்கலாம், வரும் ஒளியையும் அதிகம் மறைக்காது. காமிராவிலோ ஒளியை வாங்கும் சில்லு வாயிலில் இல்லை. பார்வைக் கண்ணாடி எழுந்து தாழ்வதற்கு இடம் விட்டு, அது நாலரை சென்டிமீட்டர் அளவு உள்ளே ஒதுங்கியிருக்கிறது. இணைக்கும் வளையத்தையும் சேர்த்தால் ஐந்தரை சென்டிமீட்டர். குவியம் அவ்வளவு தூரம் வெளியே வருவதில்லை. எனவே குழாயை எவ்வளவு உள்ளே தள்ளினாலும் சில்லு குவியத்தை எட்டவில்லை.

இதற்கு வழி மூன்று. உயரம் குறைந்த குவியக்குழாயைப் பொருத்தலாம். ஒளியை நீட்டிக்கும் பார்லோ லென்ஸை இடையில் வைக்கலாம். ஆனால் இருமடங்கு நீட்டினால் படத்தின் பிரகாசம் நான்கில் ஒரு பங்காகக் குறையும். மூன்றாவது வழி, அடியிலுள்ள குழியாடியையே மேலே உயர்த்துவது. ஆடியை இரண்டு சென்டிமீட்டர் உயர்த்தினால் குவியமும் அதே இரண்டு சென்டிமீட்டர் வெளியே வரும். சம ஆடி சற்றே அகன்ற ஒளிக் கூம்பை ஏற்க வேண்டியிருக்கும் என்பதால் படத்தின் ஓரங்கள் சிறிது மங்கலாம், அவ்வளவே.

மாணவர் மூன்றாவது வழியைத் தேர்ந்தார். நீளமான திருகாணிகளை வாங்கி வந்து ஆடியை உயர்த்தினார். குவியத்தைக் கண்டு பிடிக்க, ரஷ்யரான பாவெல் பாக்தினோவ் 2005ஆம் ஆண்டளவில் வகுத்த வரித்தட்டியை அட்டையில் வெட்டித் தொலைநோக்கியின் வாயில் வைத்தார். பிரகாசமான நட்சத்திரத்தை நோக்கினால் திரையில் மூன்று ஒளிக்கோடுகள் தோன்றும். நடுக்கோடு மற்ற இரண்டும் வெட்டும் இடத்தில் சரியாக அமையும்போது குவியம் சரியாகும். பூக்கோவின் கத்தி விளிம்புக்கு இது பேரப்பிள்ளை எனலாம். அவருடைய ஒரு மீட்டர் குவியத் தூரமுள்ள கருவியில் பத்தில் ஒரு மில்லிமீட்டர் விலகினாலே நட்சத்திரம் சில்லில் ஐந்து கட்டம் அகலத்திற்கு விரியும். ஆகவே இரவில் இரண்டு முறை சரி பார்க்கச் சொன்னேன். "மூன்று முறை பார்த்தேன் சார்" என்றார் அவர்.

பிப்ரவரி மாதத்தில், மூடுபனி விலகிய ஓர் இரவு, அவர் என்னை மாடிக்கு அழைத்தார். திரையில் மிருகசீரிடத்தின் பெரிய ஒளிமுகில் விரிந்திருந்தது. அதன் நடுவே நான்கு சிறு நட்சத்திரங்கள் தனித்தனியே நின்றன. ஈலிங்கில் காமன் தம் தோட்டத்தில் ஜனவரி மாதக் குளிரில் நின்று தகட்டில் பிடித்த அதே ஒளிமுகில் அது. திருகாணியின் மேல் வைத்த கையை அம்மாணவர் இன்னும் எடுக்கவில்லை.